பூவாடைக்கு வராதவள்

உயிரோடு இருக்கிற பெண்ணைச் செத்தவள் என்று பம்பை அடித்துக் கூப்பிடப் போகிறார்கள். அதிலும் அவளைப் பெற்றவளே முன்னால் நின்று கூப்பிடப் போகிறாள். இது தெரிந்த பிறகு வளர்மதிக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பின்வாசல் படியில், ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

நேற்றைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியப்பன் குடும்பம் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்காகத் தாம்பரத்திலிருந்து சொந்த ஊரான உத்திரமேரூருக்கு வந்திருக்கிறது. இளைய மகன் ஜெகனுக்கு ஆவணியில் கல்யாணம். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் அகாலமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கூப்பிட்டு, புடவை வைத்துப் படைத்து, அவள் வாயாலேயே சம்மதம் வாங்க வேண்டும். தண்ணீர்க் கரையில் நின்று கூப்பிட்டால் வீட்டு ஆள் யார் மேலாவது இறங்கிப் பேசுவாள். கன்னியப்பன் வீட்டுப் பூவாடைக்காரி அவருடைய ஒரே மகள் திலகா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெரிய ஏரியில் மூழ்கிப் போனவள். உடம்பு கிடைக்கவில்லை. கரையில் அவள் செருப்பும் தாவணியும்தான் கிடந்தன.

அப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரம் போனவர்கள்தான். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு ஊர் சும்மா இருக்குமா? பின்பக்கம் ராத்திரியில் வெளிச்சம் நடமாடுகிறது என்றார்கள். எவனோ அதை மதில் மேல் ஏறிப் படம் பிடித்து யூடியூபில் போட்டுவிட்டான். கல்வெட்டுக் கோயில் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை, "பேய் வூடு ஒண்ணு கீது, பாக்குறியா சார்" என்று ஆட்டோக்காரர்கள் இந்தத் தெருவுக்கும் ஒரு சுற்று அழைத்து வருகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. இப்போது பேயைக் காட்டிச் சவாரி பிடிக்கிறது.

அந்தக் கோயிலுக்குத்தான் நேற்றுச் சாயங்காலம் மூத்த மகன் தினகரன், மனைவி வளர்மதியை அழைத்துப் போனான். பாவம் செய்தவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்று அந்தச் சுவரில் வெட்டியிருப்பதை யாரோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதாலோ என்னவோ, தினகரன் இத்தனை வருஷம் மனைவிக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னான். திலகா சாகவில்லை. திருப்புலிவனம் காலனிப் பையன் சாம்சனோடு போய்விட்டாள். மானம் போகுமே என்று கன்னியப்பனே செருப்பையும் தாவணியையும் ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டார். இது அப்பாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் மட்டும் தெரியும்.

"இன்னும் இங்கியே குந்திக்கினு கீறியா?" தினகரன் பல் துலக்கிக்கொண்டே வந்தான்.

"அத்தகிட்ட சொல்லிடலாங்க," என்றாள் வளர்மதி.

"இன்னான்னு சொல்லுவ? இத்தினி வருசமா உன் புருசன் உன்ன ஏமாத்திக்கினு கீறாருன்னா? கல்யாணத்த கையில வெச்சிக்கினு?"

"உயிரோட கீறவள செத்தவன்னு கூப்ட்டா அவ ஆயுசுக்கே ஆவாதுன்னு எங்க மானாம்பதியில சொல்லுவாங்க. உங்க கூடப் பொறந்தவ அவ."

"அவ எங்கியோ புருசன் புள்ளன்னு நல்லாத்தான் கீறா. இன்னிக்கி சாயந்தரம் வரைக்கும் நீ வாய மூடிக்கினு இருந்தா போதும். அப்பறம் பேஜார் வுட்டுது."

"நல்லாத்தான் கீறான்னு உங்களுக்கு யாரு சொன்னது? ஒருவாட்டியாவது போய்ப் பாத்தீங்களா? ஒரு போன்?"

தினகரன் வாயில் நுரையோடு நின்றான். "தேடக் கூடாதுன்னு நைனா சத்தியம் வாங்கிக்கினாரு," என்றான் கடைசியில். அப்படிச் சொன்னதும் அது தன் காதுக்கே கேவலமாக விழுந்திருக்க வேண்டும். துப்பிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டான்.

வளர்மதி தோட்டத்தைப் பார்த்தாள். நெஞ்சளவு புல். மூலையில் வேப்பமரம். மரத்தடியில் பழைய துவைக்கிற கல் ஒன்று மண்ணோடு சேர்த்துப் படுக்க வைத்த மாதிரி கிடந்தது. நேற்று வீட்டைத் திறந்தபோது அந்தக் கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. காய்ந்த சாமந்தி, எண்ணெய்க் கறை பிடித்த ஓர் அகல். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யார் வந்து விளக்கு வைத்தது? ஜெகன் முகம் வெளிறி வாசலுக்கு ஓடிவிட்டான். கன்னியப்பன் மட்டும் அகலை எடுத்து மதிலுக்கு அப்பால் எறிந்தார்.

உள்ளே மாமியார் ராணியம்மாள் தரையில் உட்கார்ந்து புடவையைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஊதா நிறப் பட்டு, அரக்குக் கரை. வருஷா வருஷம் மகளுக்கு நூல் புடவைதான் வைத்துப் படைப்பாள். இந்த முறை காஞ்சிபுரத்துக்குத் தனியாகப் போய் எடுத்து வந்திருந்தாள்.

"கல்யாணப் பொடவயாவே எடுத்துட்டேன் வளரு. இருந்திருந்தா இந்நேரம் இதைத்தான கட்டிக்கினு நின்னிருப்பா. இந்தக் கலர் அவளுக்குப் புடிக்கும்."

"இந்த வூட்ல ராத்திரி தூங்குறதுக்கு உங்களுக்குப் பயமா இல்லியா அத்த?"

"எம்பொண்ணு வெளக்கு வெச்சிக்கினு தோட்டத்துல சுத்துது. அதுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? ஊரு ஆயிரம் சொல்லும். நேத்து கல்லாண்ட மஞ்சளப் பாத்ததும் எனுக்கு ஒடம்பே லேசாயிட்ச்சி. பொண்ணு இங்கதான் கீறா. நம்ம வூட்லதான் கீறா."

வளர்மதியால் தாயின் இந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ராணியம்மாள் புடவையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கி அவ வந்தா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். கல்யாணத்துக்கு நல்ல வாக்கு சொல்லுன்னு பங்காளிங்க கேப்பாங்க, கேக்கட்டும். எனுக்கு வேற கீது. அன்னிக்கி மாட்டுப் பொங்கல். பழையசீவரம் மலைக்குப் பெருமாள் வராருன்னு நான் கெளம்பனேன். தலவலிக்குது, நான் வூட்லயே படுத்துக்கினு கீறேம்மா, நீ போன்னா. நான் போய்ட்டேன். திரும்பி வந்தா புள்ள இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஏண்டி போனன்னு கேக்கணும். நான் என்னாடி தப்பு பண்ணேன்னு கேக்கணும். அத கேக்காம என் கட்ட வேகாது."

இனிமேல் பொறுக்கக் கூடாது என்று வளர்மதி முடிவு செய்தாள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். "அத்த, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

அப்போதுதான் தோட்டத்தில் அந்தக் கூச்சல் கேட்டது.

கன்னியப்பன் கத்துகிற ஆள் இல்லை. கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில் மாமனார் தன்னிடம் பேசியதைச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது என்று வளர்மதி நினைப்பதுண்டு. அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நரம்பு புடைக்க நின்றிருந்தார். எதிரே ஷாமியானா போட வந்த ஆள். கையில் கடப்பாரை.

"அங்க நோண்டாதன்னு சொல்றேன்ல. கல்லாண்ட போவாத."

"ஒரு கால் இங்க நட்டாத்தான் சார் பந்தல் நிக்கும். ரெண்டு அடி தள்ளி—"

"வாணாம். பந்தலே வாணாம். முன்னால போடு, இல்ல எடுத்துக்கினு போ."

உள்ளே போனவர், வளர்மதியைத் தாண்டும்போது அவளைப் பார்க்கவே இல்லை. ராணியம்மாள் எழுந்து வந்து, "இன்னாங்க, இன்னா ஆச்சி?" என்று அவர் பின்னாலேயே போனாள்.

ஷாமியானாக்காரர் கோபப்படவில்லை. கடப்பாரையை மதிலில் சாய்த்துவிட்டு, கன்னியப்பன் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்துக்குள் இருக்கும். தாடியில் இப்போதே நரை. வளர்மதி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீங்க தினகரன் வூட்டுக்காரம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமா. எங்க வூட்டுக்காரரத் தெரியுமா?"

"அவருக்கு என்னத் தெரியாது. ஆர்டர் வந்ததும் அட்ரஸப் பாத்தேன். பசங்கள அனுப்பாம நானே வந்தேன். எம்பேரு சாம்சன்."

வளர்மதி முதலில் சந்தோஷப்பட்டாள். அதுதான் கொடுமை. சாமி நேரில் வந்து வழி காட்டிவிட்டது என்றே நினைத்தாள். வாசலில் நின்ற டெம்போவை எட்டிப் பார்த்தாள், அதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாளோ என்று.

"திலகாவும் வந்துகீறாங்களா?" என்றாள் குரலைத் தாழ்த்தி. "பயப்படாதீங்க. எனுக்கு எல்லாம் தெரியும். அவங்களயும் இட்டுனு வந்திருக்கலாம்ல? இன்னிக்கி அவங்களச் செத்தவங்கன்னு கூப்பிடப் போறாங்க, அத்தகிட்ட ஒருவாட்டி மொகத்தக் காட்டிட்டா—"

சாம்சன் சொம்பை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாமா பேசற நீ?"

"உங்ககூடத்தான வந்தாங்க?"

"எங்கூட யாரும் வரல."

வளர்மதிக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்.

"அன்னிக்கி மாட்டுப் பொங்கலு. வூட்ல எல்லாரும் பழையசீவரம் போறாங்க, நான் தலவலின்னு சொல்லி நின்னுக்கிறேன், சாயந்தரம் பஸ் ஸ்டாண்டாண்ட வந்துடறேன்னா. பைய தூக்கிக்கினு நின்னேன். கடைசி பஸ்சும் பூட்ச்சி. மனசு மாறிட்ச்சின்னு நெனச்சிக்கினு வூட்டுக்குப் போய்ட்டேன். மறுநாளு ஏரிக்கரையில செருப்பு கெடக்குதுன்னாங்க. என்னால செத்தாளா, எனக்குப் பயந்து செத்தாளா, ஒண்ணும் தெரியல. அதுக்கப்பறம் எனுக்குன்னு ஒரு வாழ்க்கைய அமைச்சிக்கத் தோணல. ஏரிப் பக்கம் மட்டும் போய் வருவேன். நீ வந்து அவ எங்கன்னு கேக்குற."

தாய்க்குச் சொன்னது ஒரு கதை. மூத்த மகனுக்குச் சொன்னது வேறொரு கதை. இரண்டையும் சொன்னவர் ஒருவர்தான். அவர் சற்று முன்பு இந்த இடத்தில் நின்று எதைத் தொடாதே என்று கத்தினார்?

வளர்மதி வேப்பமரத்தடியைப் பார்த்தாள். குழாயடி வீட்டின் இந்தப் பக்கம் இருக்கிறது. துவைக்கிற கல் அங்கே, மரத்தடியில், தண்ணீரே எட்டாத இடத்தில் எதற்காகக் கிடக்கிறது? இதை அவள் நேற்றே கேட்டிருக்க வேண்டும். சாம்சனும் அவள் பார்வை போன பக்கம் பார்த்தார். சொம்பு அவர் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

பூ வாங்கப் போயிருந்த தினகரன் திரும்பி வந்ததும், வண்டியிலிருந்து இறங்கவிடாமல் தெருவிலேயே நிறுத்திச் சொன்னாள் வளர்மதி.

"பொய் சொல்றான்," என்றான் தினகரன் உடனே.

"எதுக்குங்க சொல்லணும்? அவருக்கு அதுல இன்னா லாபம்?"

"நைனா எங்கிட்ட எதுக்கு..." வண்டி ஹாண்டிலில் மாட்டியிருந்த பூப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேடாதே என்று அப்பா சத்தியம் வாங்கியபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததை இப்போது நினைத்திருப்பான். தங்கையைத் தேடிப் போகிற வேலை மிச்சம் என்றுதான் அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது. அண்ணன்கள் பலருக்கும் அப்படித்தான்.

"நைனாவக் கேக்குறேன்," என்று உள்ளே போனான்.

போனவன் கேட்கவில்லை. அதற்குள் பம்பைக்காரர் செங்கேணி தன் ஆட்களோடு வந்துவிட்டார். பங்காளிகள் வந்துவிட்டார்கள். தினகரன் அப்பாவின் முன்னால் போய் நின்று, "நைனா, ஒரு விசயம்," என்றான். "எல்லாம் அப்பறம் பேசலாம், நேரமாவுது," என்றார் கன்னியப்பன், மகன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. தினகரன் திரும்பி வந்து வளர்மதிக்குப் பக்கத்தில் நின்றான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஏரிக்குப் புறப்பட்டார்கள். ஆடி மாதத்து ஏரி. மதகோரம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, மற்ற இடமெல்லாம் மாடு மேய்ந்தது. ஊதாப் பட்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு ராணியம்மாள் முன்னால் நடந்தாள். கல்யாண மாப்பிள்ளை ஜெகன் கையில் கலசக் குடம். தெருவில் கதவுகள் பாதி திறந்து பாதி மூடியிருந்தன. பேய் வீட்டுக்காரர்கள் பேயைக் கூப்பிடப் போகிறார்கள் என்றால் வேடிக்கை பார்க்கவும் ஆசை, பார்க்கவும் பயம். கொஞ்சம் பின்னால், யாரும் கூப்பிடாமலே சாம்சன் வந்துகொண்டிருந்தார்.

கரையில் மஞ்சள் பிடித்து வைத்து, கற்பூரம் ஏற்றி, செங்கேணி பம்பையைத் தட்ட ஆரம்பித்தார். பிறந்த கதையைப் பாடினார். காது குத்தின கதையைப் பாடினார். மாலை சூடாமல் போன மகளே, மஞ்சள் காணாமல் போன மகளே, தம்பி கல்யாணத்துக்கு நல்ல வாக்குச் சொல்ல வாம்மா என்று கூப்பிட்டார். பங்காளி வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யார் உடம்பும் ஆடவில்லை.

மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை ராணியம்மாளும் சேர்ந்து கூப்பிட்டாள். "திலகா, வாடி. பொடவ கொண்டாந்துகீறேன் பாருடி."

மூன்றாவது முறை பம்பைச் சத்தம் மதகில் மோதித் திரும்பியது. குடத்தில் போட்டிருந்த எலுமிச்சம்பழம் அசையாமல் கிடந்தது. செங்கேணி வாசிப்பை நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஏம்மா, இந்தத் தண்ணியிலதான போச்சி பொண்ணு?"

"இதே ஏரிதாம்பா. மதகாண்டதான் செருப்பு கெடந்துச்சி."

"நானும் எத்தினியோ வூட்டுக்குக் கூப்ட்டுகீறேன். கோவமா இருந்தாக்கூட வந்து திட்டிட்டாவது போவும். இப்பிடி ஒரு அசைவும் இல்லாம இருக்காது. எடம் மாறி நின்னு கூப்ட்டா வராதும்மா. போன எடம் எதுவோ அங்கதான் கூப்புடணும். பொய்யான எடத்துல குடம் வெச்சா, குடம் புடிச்ச புள்ளைக்குத்தான் ஆவாது."

ராணியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான மொதல்ல வந்து பாத்தீங்க. எந்தப் பக்கம்னு சரியாச் சொல்லுங்க. அந்தப் பக்கமா?"

கன்னியப்பன் கையைத் தூக்கினார். எங்கேயாவது ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும். கூட்டம் அங்கே போய்க் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று வீட்டுக்குத் திரும்பியிருக்கும். கை பாதியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஜெகனுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து விரதம், நாஷ்டாகூட இல்லை. எதிர் வெயில், காதருகே பம்பை. வேறு ஒன்றுமில்லை என்று எந்த டாக்டரும் சொல்வார். அவன் முழங்கால் மடங்கி, குடம் சாய்ந்து, மஞ்சள் தண்ணீர் வேட்டியெல்லாம் கொட்டியது. கன்னியப்பன் அதைத் தலைசுற்றல் என்று நினைக்கவில்லை.

"குடத்தக் கீழ வெய்டா," என்று ஓடிப்போய் அதைப் பிடுங்கினார். "வெச்சிடு. அவ இங்க இல்ல."

பம்பைக்காரர்கள், பங்காளிகள், எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"இங்க இல்லன்னா?" என்றாள் ராணியம்மாள்.

"அவன ஒண்ணும் பண்ணாத தாயி," கன்னியப்பன் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "நான்தான. என்ன எடுத்துக்கோ. புள்ளைய வுட்டுடு. வருசா வருசம் வந்து வெளக்கு வெச்சேனே. ஒரு வருசமாவது தவறனேனா?"

"எங்க வெளக்கு வெச்சீங்க?" ராணியம்மாளின் குரல் ஏறவில்லை. "ஏங்க. எங்க வெச்சீங்க வெளக்கு?"

"தோட்டத்துல. கல்லாண்ட."

ஊரைப் பயமுறுத்திய வெளிச்சம் எது என்று அத்தனை பேருக்கும் அப்போது தெரிந்தது. ஊரை ஏமாற்றினார், கட்டின மனைவியை ஏமாற்றினார், பெற்ற பிள்ளையிடம் சத்தியம் வாங்கி ஏமாற்றினார். பூவாடைக்காரியை ஏமாற்ற மட்டும் அவருக்குத் தைரியம் இல்லை. அவளுக்குரிய விளக்கை அவள் இருக்கிற இடத்தில்தான் வைத்தார்.

"பாதி வழியில திரும்பி வந்தேன். பையோட கெளம்பி நின்னா," என்றார் கன்னியப்பன். கரையில் உட்கார்ந்துவிட்டார். "எவன்டின்னு கேட்டேன். பேரச் சொன்னா. சிரிச்சிக்கினே சொன்னா. தள்ளித்தான் வுட்டேன். கல்லுல பட்டுட்ச்சி. நான் நெனைக்கவே இல்ல. அந்தக் கல்லையே மேல போட்டு..."

தினகரன் அப்பாவின் சட்டையைப் பிடிக்கப் போனான், இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் சாம்சன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றார். ராணியம்மாள் அழவில்லை, அடிக்கவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. தட்டிலிருந்த பூவையும் பழத்தையும் அங்கேயே கொட்டிவிட்டு, புடவையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று வளர்மதிக்குத் தெரியாது. பின்னால் ஓட வேண்டியிருந்தது.

தெருவில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. யாரோ வெளியூர்க்காரர் வாசலைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ராணியம்மாள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முற்றம், கூடம், பின்வாசல். புல்லை விலக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள்.

மஞ்சள் பூசிய அந்தக் கல்லின் மேல் ஊதாப் பட்டை முழுசாக விரித்தாள். சுருக்கம் எடுத்தாள். முந்தானையைத் தலைமாட்டில் சரி செய்தாள். எந்தப் பக்கம் தலைமாடு என்று எப்படித் தெரிந்ததோ. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, புடவை மேல் உள்ளங்கையை வைத்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்ததல்லவா, அதை அவள் கேட்கவில்லை.

"நீ போவவே இல்லியாடி," என்றாள். "நான் பாட்டுக்கு எங்கடி போன, ஏண்டி போனன்னு கேட்டுக்கினு கெடந்தேனே. நீ எங்கியும் போவவே இல்லியாடி தங்கம்."

வளர்மதி அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இவள் அழுதாள். ராணியம்மாள் அப்போதும் அழவில்லை.

தினகரன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஜெகன். அவர்களோடு கன்னியப்பன் வரவில்லை.

"மாமா எங்க?" என்றாள் வளர்மதி.

"கரையிலதான் குந்திக்கினு இருந்தாரு," என்றான் ஜெகன். "எல்லாரும் உங்க பின்னால ஓடியாந்துட்டோம். திரும்பிப் பாத்தேன், அங்க ஆளக் காணோம்."

மதகோரம் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது. ஒரு மனிதனுக்கு அது போதும். தினகரனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஏரிப் பக்கம் திரும்பி ஓர் அடி வைத்தான். நின்றான். கையில் போன் இருந்தது. போலீஸ் எண்ணை அழுத்தி வைத்திருந்தான், பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அழுத்தினால் அப்பா ஜெயிலுக்கு. ஜெகன் கல்யாணம் இதோடு சரி. வம்சத்துக்கே கெட்ட பேர்.

ராணியம்மாள் புடவையிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தி மூத்த மகனைப் பார்த்தாள்.

"அந்தாளப் போய்த் தேடறதுக்கு ஊர்ல ஆளு கீது," என்றாள். "எம்பொண்ணத் தேட ஒருத்தன் போவல. அமுத்துடா அத."